யன்னல் கண்ணாடி வழியே விழும் வெயில் ஆமைக்கு உதவாது

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் மகனின் பிறந்தநாளுக்கு வளர்ப்பு மீன் கடையில் இரண்டு பச்சை ஆமைக் குஞ்சுகள் வாங்கினோம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறது. கடையிலேயே தந்த பிளாஸ்ரிக் கிண்ணத்தில், நடுவில் சின்னத் தென்னைமரம் வைத்தது, யன்னல் ஓரமாக வைத்திருக்கிறோம். கண்ணாடி வழியே காலை வெயில் நன்றாக விழும். காய்ந்த கூனி இறாலும் சிவப்பு மீன் தீனும் போடுகிறோம், சில நாள் சோறும். இப்போது ஒன்றின் ஓடு அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிறது. மற்றதற்குக் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை. சாப்பாட்டைக் கூட்டினால் ஓடு இறுகுமா? பக்கத்து வீட்டு அக்கா தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் பூசச் சொல்கிறார். அம்பாறையில் இருக்கும் தம்பி சேனையில் பிடித்த நட்சத்திர ஆமைக் குஞ்சு ஒன்றைத் தருவதாகச் சொல்கிறான். அதையும் இவற்றோடு விடலாமா?
- வாசகி, கல்லடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சாப்பாட்டைக் கூட்ட வேண்டாம். உங்களிடம் இருப்பவை சிவப்புக் காது ஆமைகள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த நன்னீர் இனம். வயிறு நிறைய உண்டும் இவற்றின் ஓடு இறுகாமல் போவதற்கு முதற்காரணம் வெயில் படாதது, இரண்டாவது காரணம் சுண்ணாம்புச் சத்து, அதாவது கல்சியம், போதாதது. காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் கண் மூடிய குஞ்சின் பாடு.

ஆமை கண்ணால் பார்த்துத்தான் இரை எடுக்கும். கண் மூடினால் பசித்தாலும் தின்னாது. இமை இரண்டும் ஒரேயளவில் வீங்கி, காய்ந்த இறாலே உணவாக இருந்த குஞ்சு என்றால் உயிர்ச்சத்து ஏ குறைபாட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அழுக்குத் தண்ணீரில் வளரும் கிருமி அதோடு சேர்ந்துகொள்ளும். நாளையோ மறுநாளோ கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். உயிர்ச்சத்து ஏ ஊசியை நிறை பார்த்து மிகச் சிறிய அளவில்தான் போடுவார்கள். அளவு கூடினால் தோல் உரிந்து புண்ணாகும். அதனால் பாமசியில் கிடைக்கும் உயிர்ச்சத்துத் துளிகளை நீங்களாக வாயில் விடாதீர்கள். வீட்டில் மிஞ்சிய மனிதர்களின் கண் துளியும் வேண்டாம், அவற்றில் சில ஸ்ரீரொயிட் கலந்தவை. இன்னொன்று: நாய்க்கும் மாட்டுக்கும் பூச்சி, உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்ரின் மருந்து ஆமை இனத்துக்கு நஞ்சு. யார் சொன்னாலும் அதை அருகில் கொண்டுவரக்கூடாது.

வைத்தியரைப் பார்க்கும் வரை, கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து இமைகளை மெதுவாக ஒற்றுங்கள். இழுத்துத் திறக்கக்கூடாது. இளஞ்சூடான சுத்த நீரை நாடி நனையும் ஆழத்துக்கு எடுத்து, அதில் காலையும் மாலையும் இருபது நிமிடம் விட்டால் உடல் வறண்டு போகாது. வாயைத் திறந்து ஊட்டவே வேண்டாம்; ஓடு மெத்தென்று இருக்கும் குஞ்சுக்குத் தாடை எலும்பும் இளகியிருக்கும், எளிதில் உடையும். கொண்டுபோகும்போது தண்ணீர்ப் பையில் போடாமல், ஈரத் துணி விரித்துக் காற்றுத் துளையிட்ட பெட்டியில் வையுங்கள். மெத்தென்ற ஓட்டுக்காரரையும் கூடவே கொண்டுபோங்கள், தீன் பக்கற்றும் கிண்ணத்தின் படமும் கையில் இருக்கட்டும். வைத்தியருக்குப் பாதி விபரம் அதிலேயே கிடைத்துவிடும்.

இப்போது ஓட்டின் கதை. ஆமை ஓடு என்பது விலா எலும்பும் முதுகெலும்பும் விரிந்து ஒன்றாகி, மேலே நகம் போன்ற தகடு மூடிய உறுப்பு. எலும்புக்கு வேண்டிய கல்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏற உயிர்ச்சத்து டீ-3 வேண்டும். அந்த டீ-3ஐ ஆமையின் தோல், சூரிய ஒளியில் உள்ள புறஊதா பீ கதிரைக் கொண்டு தானே செய்துகொள்கிறது. 290 முதல் 315 நனோமீற்றர் அலைநீளக் கதிர் அதற்குத் தேவை. சாதாரண யன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். தெளிந்த பிளாஸ்ரிக் மூடியும் பெரும்பாலும் அப்படியே. உங்கள் யன்னல் ஓரத்தில் வெளிச்சம் விழுந்தது, சூடும் விழுந்தது, ஓட்டுக்கு வேண்டியது மட்டும் வெளியே நின்றுவிட்டது. இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் உடல் அதை ஓட்டிலிருந்தும் எலும்பிலிருந்தும் உருவி எடுக்கும். அப்போது ஓடு இளகும், விளிம்பு மேல்நோக்கி மடியும், பின்கால் இழுபடும். புதிதாகப் பொரித்த குஞ்சின் ஓடு கொஞ்சம் நெகிழ்வது இயல்பு. எட்டாம் மாதத்திலும் அழுத்தினால் பள்ளம் விழுவது இயல்பில்லை. ஓடு மீண்டும் இறுக மாதக்கணக்காகும். வளைந்து போன பகுதி முழுவதும் நேராகாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மட்டக்களப்பில் வெயிலுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. வாய் அகன்ற பேசின் ஒன்றை எடுத்து, ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் விட்டு, ஏறி இருக்க ஒரு செங்கல் துண்டு வையுங்கள். பேசினின் பாதியைப் பலகையால் மூடி நிழலாக்குங்கள். காலை எட்டு மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையில் இருபது முதல் முப்பது நிமிடம், கிழமையில் ஐந்து நாளாவது முற்றத்தில் வையுங்கள். நிழற்பாதி கட்டாயம். ஆமைக்கு வியர்க்காது, சூடு ஏறினால் ஒதுங்க இடம் வேண்டும். ஆழமில்லாத தண்ணீர் உச்சி வெயிலில் சீக்கிரமே நாற்பது பாகைக்கு ஏறும், அந்தச் சூட்டில் குஞ்சு செத்துப்போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நேரத்தை இன்னும் முன்னே தள்ளி, எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். நான்கு சென்ரிமீற்றர் குஞ்சைக் காகம் தூக்கிப் போக ஒரு நொடி போதும்.

மாரியில், கார்த்திகை மார்கழியில், வெயிலே காணாத நாட்கள் தொடர்ந்து வரும். அதற்கு ஊர்வனவற்றுக்கான புறஊதா விளக்கு தேவை, 5.0 என்று குறித்த நீள்குழல் விளக்கு போதும். ஏறி இருக்கும் மேடைக்கு மேலே 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்தில், இடையில் கண்ணாடியோ நுணுக்கமான வலையோ இல்லாமல் கட்டுங்கள். நாளுக்குப் பத்து மணித்தியாலம் எரியட்டும். கண்ணுக்கு நன்றாக எரிவது போலத் தெரிந்தாலும் புறஊதா அளவு காலப்போக்கில் வடிந்துவிடும், ஆகவே ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்ற வேண்டும். சூட்டுக்கு அதன் பக்கத்தில் பழைய இழை பல்ப், 40 வாற்ஸ் போதும். மேடையில் 32 முதல் 35 பாகை இருக்க வேண்டும், கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் தெர்மோமீற்றர் வைத்துப் பாருங்கள். எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சம் மட்டும் தரும். சூடும் தராது, புறஊதாவும் தராது. தண்ணீருக்குள் கை வைக்குமுன் எல்லா பிளக்கையும் கழற்றும் பழக்கம் வேண்டும்.

தென்னைமரக் கிண்ணத்தை இன்றைக்கே ஓய்வுபெற வையுங்கள். அது கடையில் காட்சிக்கு வைக்கும் பாத்திரம், ஆமை வளரும் இடமில்லை. ஓட்டின் நீளம் ஒவ்வொரு இரண்டரை சென்ரிமீற்றருக்கும் ஏறக்குறைய 40 லீற்றர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் இரண்டுக்கும் இப்போது நூற்று முப்பது லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் பெட்டியோ துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியோ நல்லது. கண்ணாடித் தொட்டியிலும் விலை குறைவு, உடையாது. தண்ணீரின் ஆழம் ஓட்டு நீளத்தின் இரண்டு மடங்குக்குக் குறையக்கூடாது, ஏனென்றால் மல்லாந்து விழுந்த குஞ்சு புரண்டு எழத் தண்ணீர் தாங்க வேண்டும். ஓடு இளகிய பலவீனமான குஞ்சுக்கு ஆழத்தை அந்த இரண்டு மடங்கிலேயே நிறுத்துங்கள். தேறிய பிறகு கூட்டலாம்.

மேடைக்குப் பீலி ஓடு ஒன்றை இரண்டு செங்கலில் கவிழ்த்து வைத்தால் போதும். மேலே வெயில் காயலாம், கீழே ஒளியலாம். முதுகு முழுவதும் காயும்படி மேடை நீருக்கு வெளியே நிற்க வேண்டும், ஏறும் சரிவு சொரசொரப்பாக இருக்க வேண்டும். கீழே உள்ள இடைவெளியை விரலால் அளந்து பாருங்கள்: ஆமை புகுந்து திரும்பி வர முடியாத அகலமென்றால் உள்ளே மாட்டி மூச்சடைத்து இறக்கும். ரெஜிபோம் துண்டை மிதக்கவிட்டு மேடையாக்குவதைப் பல வீடுகளில் காணலாம். ஆமை அதைக் கடித்துக் கடித்து மணிகளை விழுங்கும், குடல் அடைபடும். அடியில் கடல் மணலும் பொடிக் கல்லும் போடாமல் விடுவதற்கும் அதே காரணம். கல் வேண்டுமென்றால் ஆமைத் தலையை விடப் பெரிதாக இருக்கட்டும். ஒன்றுமே போடாத அடித்தளம் கழுவ இன்னும் இலகு.

குஞ்சுகளுக்கு நீர்ச்சூடு 26 முதல் 28 பாகை. எங்கள் பக்கம் ஆண்டின் பெரும்பகுதி அது தானாகவே கிடைக்கும். மாரி இரவில் வாடைக்காற்று படும் இடத்தில் சின்னத் தொட்டி குளிர்ந்துவிடும். அந்தக் காலத்துக்கு 50 அல்லது 100 வாற்ஸ் மீன்தொட்டி ஹீற்றர், கூடு போட்டு. நீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தப்படும். மூக்கில் குமிழி, வாய் திறந்து மூச்சு, ஒருபக்கம் சரிந்து நீந்துதல், இவை நெஞ்சில் சளி பிடித்ததன் அடையாளம். அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

தண்ணீர் விடயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அலுக்காமல் மாற்றுவதுதான். குழாய் நீரை வாளியில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போகும். கடற்கரைப் பக்கக் கிணறு உவர்ப்பாக இருந்தால் குழாய் நீரையே பாவியுங்கள். வடிகட்டி இல்லையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் முழுவதையும் மாற்றுங்கள். இருந்தால் கிழமைக்கு மூன்றில் ஒரு பங்கு. கடையில் வடிகட்டி வாங்கும்போது மீனுக்கு எழுதிய லீற்றர் அளவை நம்பாமல் உங்கள் தொட்டியின் இரண்டு மூன்று மடங்குக்கு எடுங்கள், ஆமை மீனை விட மிக அதிகம் அழுக்காக்கும். உணவைத் தனிப் பேசினில் கொடுத்து, தின்று முடிந்த பிறகு தொட்டிக்கு மாற்றினால் பாதி அழுக்குத் தொட்டிக்குள் வராது.

இனி உணவு. காய்ந்த கூனி இறால் ஆமைக்கு நொறுக்குத்தீனி, அதையே சாப்பாடாக்கினால் உங்கள் வீட்டில் நடந்ததுதான் நடக்கும். தசை இறைச்சியிலும் உலர் பூச்சியிலும் கல்சியத்தை விடப் பொஸ்பரஸ் பல மடங்கு கூடுதல். வேண்டியதோ நேர்மாறு, இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் கல்சியம் கூடியிருக்க வேண்டும். சோறும் பாணும் இரண்டும் தராது, தண்ணீரைத்தான் புளிக்க வைக்கும். அடிப்படை உணவாக நீர் ஆமைக்கென்று செய்த தீனை, குஞ்சுகளுக்குரிய வகையில், வாங்குங்கள். பக்கற்றில் புரதம் 35 முதல் 40 வீதம் என்று இருக்கும். மீன் தீன் அதற்கு ஈடில்லை. அளவு: ஆமையின் தலை எவ்வளவோ அவ்வளவு தீன், ஒரு வேளைக்கு. ஒரு வயது வரை நாளுக்கு ஒருமுறை, வெயில் காய்ந்து உடல் சூடேறிய பிறகு. இரண்டாம் ஆண்டு ஒருநாள் விட்டு ஒருநாள். அதன்பின் கிழமைக்கு இரண்டு மூன்று நாள். மூக்கைத் தொட்டியில் முட்டிக் கெஞ்சும் ஆமையைப் பார்த்து மனம் இளகக்கூடாது. இவை எப்போதும் கெஞ்சும். தேவைக்கு மேல் புரதம் தின்று விரைவாகப் பெருத்த குஞ்சுக்கு எலும்பு இறுகுமுன் உடல் கனத்துவிடும், தொடையிடுக்கில் கொழுப்புப் பிதுங்கும், தலையை உள்ளே இழுக்கவும் இடம் போதாது.

இலை தின்னப் பழக்குவதற்குக் குஞ்சுப் பருவமே தருணம். அம்பாறைப் பக்கம் மாட்டுக்கும் கோழிக்கும் வளர்க்கும் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடி கிடைத்தால் ஒரு பிடி தொட்டியில் மிதக்க விடுங்கள், விரும்பிய நேரம் கொறிக்கும். வயல் வாய்க்காலில் அள்ளியதைக் கிருமிநாசினி தெளிக்கும் காலத்தில் கொண்டுவரக்கூடாது. முருங்கை இலையில் கல்சியம் நிறைய உண்டு. உருவிப் பொடியாக நறுக்கிப் போடலாம். கரட் துருவலும் மஞ்சள் பூசணியும் உயிர்ச்சத்து ஏக்கு உதவும். பத்து நாளுக்கு ஒருமுறை மிளகளவு கோழி ஈரலும் கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பசளியும் முளைக்கீரையும் இடைக்கிடை மட்டும்: அவற்றில் உள்ள ஒக்சலேற் கல்சியத்தைக் கட்டிப்போடும். உயிருள்ள இரைக்கு மண்புழு நல்லது. நுளம்புக் குடம்பியையும் ஆமை விரும்பித் தின்னும், ஆனால் அதற்காக வாளியில் தண்ணீர் தேக்கி வைத்தால் டெங்கு பரிசோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் என்ன காரணம் சொன்னாலும் எடுபடாது. பச்சை மீன் கொடுப்பதானால் முள்ளோடு சின்ன மீனாக, வகை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரே மீனை நாள்தோறும் கொடுத்தால் சில இனங்களில் உள்ள நொதி உயிர்ச்சத்து பீ-1ஐ அழிக்கும். கருவாடு உப்பு, வேண்டவே வேண்டாம்.

கல்சியத்துக்குக் கடைக்குப் போக வேண்டிய அவசியமில்லை. கல்லடிக் கடற்கரையில் ஒதுங்கும் வெள்ளைக் கணவாய் ஓட்டைப் பொறுக்கி வாருங்கள். முதுகுப் பக்கம் உள்ள கடினமான தகட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், அது கூராக உடைந்து வாயைக் கீறும். மீதியை நன்னீரில் இரண்டு மூன்று நாள், நாள்தோறும் நீர் மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்து, வெயிலில் காயவிட்டு, பெருவிரல் அளவுத் துண்டாகத் தொட்டியில் மிதக்கவிடுங்கள். தேவைப்படும்போது தானே கடிக்கும். ஓடு இளகிய குஞ்சுக்கு அதையே பொடியாக்கி ஈரத்தீனில் ஒரு சிட்டிகை தூவுங்கள். ஊசியோ மருந்தோ எவ்வளவு என்பது வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டியது. வெயில் இல்லாமல் கல்சியத்தை மட்டும் கொட்டினால் உடலில் சேராமல் மலத்தோடு போய்விடும்.

எண்ணெய் மஞ்சள் வைத்தியத்தை அக்காவிடம் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஓடு வெளியிலிருந்து இளகவில்லை. எண்ணெய்ப் படலத்தில் தூசியும் கிருமியும் ஒட்டும், தண்ணீரும் கெடும். ஓட்டின் தகடு மெல்லிய கண்ணாடித் தாள் போல உரிந்து வந்தால் பயப்பட வேண்டாம், அது வளர்ச்சி. வெண்சாம்பல் நிறப் புள்ளி விழுந்து, சுரண்டினால் மாவாக உதிர்ந்து நாற்றமும் அடித்தால் அது அழுகல். பொவிடோன் அயடினைத் தேநீர் நிறத்துக்கு நீர்த்துத் தடவி, ஒரு மணித்தியாலம் உலர்த்தித் தண்ணீரில் விடலாம். ஒரு கிழமையில் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

குணமாகிறதா என்பதைக் கண்ணால் கணிக்க முடியாது. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிற்றல் தராசில் கிழமைக்கு ஒருநாள், உணவுக்கு முன், நிறுத்து எழுதி வையுங்கள். மெதுவாக, விடாமல் ஏற வேண்டும். இரண்டு கிழமை தொடர்ந்து இறங்கினால் ஏதோ பிசகு. ஒன்று பெரிதாகி மற்றது அப்படியே நின்றால் பெரியது சின்னதை மேடையிலிருந்து தள்ளுகிறதா என்று பாருங்கள், அப்படியென்றால் தனித் தொட்டி.

மகனுக்கு ஒரு விதி மட்டும் கடுமையாகச் சொல்லுங்கள்: ஆமையைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக்கூடாது. நோயே தெரியாத ஆமையும் சல்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குச் சின்ன ஆமைகளை விற்பதற்கு 1975இல் தடை விதித்ததே, சிறுபிள்ளைகள் குஞ்சை வாயில் வைத்து நோயானதால்தான். தொட்டித் தண்ணீரைக் குசினித் தொட்டியில் ஊற்றாமல் வெளியே, கிணற்றடிக்குத் தள்ளி, மண்ணில் ஊற்றுங்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் தொட்டியைத் தொடும் வேலை வேறொருவருக்கு.

இந்தக் குஞ்சு உள்ளங்கையில் நிற்காது. பெண் 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும், இருபது முப்பது ஆண்டு வாழும். மூன்று நான்கு ஆண்டில் முற்றத்தில் அரை மீற்றர் ஆழச் சீமெந்துத் தொட்டி தேவைப்படும்: பாதி தண்ணீர், பாதி கரை, அடியில் வடிகால், உடும்பும் கீரியும் நாயும் வராத வலை மூடி. புதுச் சீமெந்தில் சுண்ணாம்பு கசியும். இரண்டு மூன்று கிழமை தண்ணீர் நிரப்பி மாற்றி மாற்றி ஊற்றிய பிறகே விட வேண்டும். அந்த இடம் உங்களிடம் இல்லையென்றால் இப்போதே வேறு வளர்ப்பவரைத் தேடுங்கள். வாவியிலோ உன்னிச்சைக் குளத்திலோ விட்டுவிடும் எண்ணம் மட்டும் வேண்டாம். உலகின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. எங்கள் பாலாமைக்கும் கறுப்பாமைக்கும் உரிய வெயில் காயும் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும், வளர்ப்புத் தொட்டி நோயையும் கொண்டுபோகும்.

தம்பியின் நட்சத்திர ஆமையை வாங்காதீர்கள். அது எங்கள் உலர் வலயத்துக்குச் சொந்தமான தரை ஆமை. 1937ஆம் ஆண்டின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அனுமதியில்லாமல் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 2019இல் சர்வதேச வணிகத்துக்கும் முழுத் தடை வந்துவிட்டது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் இவற்றோடு விட முடியாது: அதற்கு நீந்தத் தெரியாது, உங்கள் தொட்டியில் விட்ட அன்றே மூழ்கும். நீர் ஆமைக்கு ஒன்றும் செய்யாத குடல் அமீபா, தரை ஆமையைக் கொன்றுவிடவும் கூடும். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அல்லது அம்பாறையில் உள்ள அவர்களின் அலுவலகத்தில் நேரே ஒப்படைக்கச் சொல்லுங்கள். எந்தச் சேனையில், எந்த இடத்தில் பிடித்தது என்று சரியாகச் சொல்ல வேண்டும், அதே பகுதியில் திருப்பி விட அந்த விபரம் தேவை. ஒப்படைக்கும் வரை நிழலில், காய்ந்த புல் விரித்த உயரமான பெட்டியில் தனியே வைத்திருக்கட்டும். புல்லும் செவ்வரத்தை இலையும் கொடுக்கலாம், பாலும் சோறும் பாணும் கூடாது. தண்ணீரைச் சட்டி மூடியில், ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமில்லாமல் வைக்கச் சொல்லுங்கள்.